நாற்பத்தொரு வருகைகள்

"உந்த நாப்பத்தொண்டும் எங்கை போனதெண்டு கண்டுபிடிக்காமல் கதிரையை விட்டு எழும்பக்கூடாது, பிரகாஸ்" என்று சொல்லிவிட்டு எங்கள் அமைப்பின் பொறுப்பாளர் ஸ்ரெல்லா அக்கா வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவும் அமைப்பு எங்களுடையது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாடியில் ஓர் அறை. அமைப்பின் இணையத்தளத்தைப் பார்ப்பது என் வேலை.

போன மாதம் தளத்துக்கு 253 வருகைகள் என்கிறது சேவையகப் பதிவு. வருகைகளை எண்ணும் கருவி 212 என்கிறது.

மூன்று மணித்தியாலமாக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மண்டை வெடித்தது. விசைப்பலகையில் ஒரு குத்து விட்டேன். இரண்டு எழுத்துகள் கழன்று தெறித்தன.

கைதான் நொந்தது. அது நேற்றே வீங்கிய கை.

நேற்றுச் சொதியில் உப்பில்லை. சட்டியைச் சுவருக்கு எறிந்தேன். மிச்ச அடி என் மனைவி கஜந்தினிக்கு விழுந்தது. குளித்துவிட்டு உள்ளே வரும்போதெல்லாம் அவள் கையில் போன் இருக்கும், போனில் சமையற்குறிப்பு இருக்கும். அவ்வளவு பார்த்தும் உப்புப் போடத் தெரியாது. யாருக்குத்தான் கோபம் வராது?

எங்கள் தளத்துக்கு வரும் பெண்களின் கதை வேறு. அவர்களின் புருசன்மார் குடிகாரர். நான் குடிப்பதில்லை.

மறுபடி பதிவுக்குள் இறங்கினேன். தானியங்கி நிரல் ஏதாவது வந்து போனதா? இல்லை. இரண்டு இடத்திலும் நேரம் வேறா? இல்லை, இரண்டும் கொழும்பு நேரம்தான்.

காணாமற்போன நாற்பத்தொன்றையும் தனியே பிரித்தெடுத்தேன்.

ஒரே போன். ஒரே பக்கம்: 'வீட்டை விட்டுப் பாதுகாப்பாக வெளியேறுவது எப்படி?' எல்லாம் மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில். நிற்பது சில வினாடிகள்தான்: ஒன்பது செக்கன். பதினான்கு செக்கன். ஒருநாள் நான்கு செக்கன்தான். ஒவ்வொரு தடவையும் கடைசியில் சிவப்புப் பொத்தான்.

ஆள் வரும் சத்தம் கேட்டால் அமத்துவதற்கு என்று நான் செய்து வைத்த பொத்தான் அது. அமத்தினால் எங்கள் பக்கம் மறைந்து வேறொரு பக்கம் வரும்.

எனக்கே பாவமாக இருந்தது. எந்த நாய் இவளை இந்தப் பாடு படுத்துகிறது? கையில் கிடைத்தால் கழுத்தை முறிப்பேன் என்று நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன்.

ஆனால் கருவி ஏன் இவளை எண்ணவில்லை?

விலக்குப் பட்டியலைத் திறந்தேன். அந்தப் பட்டியலில் உள்ள இணைய முகவரிகளிலிருந்து யார் வந்தாலும் கருவி எண்ணாது. அதில் இருந்தது ஒரேயொரு முகவரி.

உடுப்பிட்டியில் இருக்கும் என் வீட்டு முகவரி. வீட்டிலிருந்து நான் தளத்தைச் சோதிப்பது எண்ணிக்கையில் சேரக்கூடாது என்று நானே போட்டது.

பகலில் என் வீட்டில் இணையம் இல்லை. றவுட்டர் வயரைக் கழற்றி என் பையில் கொண்டுவந்துவிடுவேன். பின்னேரம் போய்த்தான் மாட்டுவேன். ஆறரைக்குக் குளிக்கக் கிணற்றடிக்குப் போவேன்.

சிவப்புப் பொத்தானை அமத்தினால் வரும் பக்கத்தையும் நான்தான் தெரிவு செய்தேன். சமையற்குறிப்பு.

மோட்டார்சைக்கிள் திறப்புக் கோர்வையை எடுத்தேன். மற்றக் கையால் கஜந்தினிக்கு அழைத்தேன். வாய்க்குள் கெட்ட வார்த்தைகள் நிறைந்து நின்றன.

முதல் மணியிலேயே எடுபட்டது.

"அவசரமில்லை, ஆறுதலா வாரும், பிரகாஸ்" என்றது ஸ்ரெல்லா அக்காவின் குரல். "வீட்டிலை ஒருத்தரும் இல்லை."

வான் ஓடும் சத்தம் கேட்டது. விடை தெரிந்துகொண்டுதான் காலையில் என்னை இந்தக் கதிரையில் இருத்திவிட்டுப் போயிருக்கிறார்.

கை தானாக ஓங்கியது. அறையில் அடி வாங்க ஒருவரும் இருக்கவில்லை.