சிவப்பாக ஓடிய ஆறு

"ஏய் ஜலீலு! வெளிய வா!"

காலையிலேயே பசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பிய காளிதாசன், பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே ஜலீலின் சாப்பாட்டுக் கடை வாசலுக்கு வந்துவிட்டார். அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்துப் பல வருஷம் ஆயிற்று.

"ஆறு செவப்பா ஓடுது. ரோஸ் சிரப் தண்ணியை ட்ரம்மோட கவுத்துட்டியா?"

"ஐஸ் போடாமயா லா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கடையே சிரித்தது.

ஜலீல் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போங்கண்ணே. அண்ணி தேடுவாங்க."

"கடன் ஆபீசர் வராங்களாம்ல? ரெண்டு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவேன்."

ஆற்றைக் காப்பாற்ற அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிறது. கழிவுநீர்த் தொட்டி கட்டாவிட்டால் கடையை மூட வேண்டும் என்று உத்தரவு. ஜலீல் கடன் கேட்டிருந்தார். இன்று முடிவு.

காளிதாசன் கடைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அந்தக் காலத்தில் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்தால் இந்த ஆற்றில்தான் குளியல். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். உடம்பில் ஒட்டிய பால் வாடையெல்லாம் தண்ணீரோடு போய்விடும். ஜலீல் அப்போது அப்பா கடையில் மாவு பிசைகிற இளவட்டம். சுடச்சுட ரொட்டியோடு ஓடி வருவான். இருவரும் தூண்டில் போட்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. விரால் மாட்டினால், "நீ கொண்டு போ", "நீங்க கொண்டு போங்கண்ணே" என்று ஒரே தள்ளுமுள்ளு.

பிறகு கடை பெரிதாயிற்று. விரால் செத்து மிதந்தது. கடைக் கழிவுதான் காரணம் என்றார் காளிதாசன். அன்றோடு பேச்சும் நின்றது.

கார் வந்தது. அதிகாரி இஸ்ஸதி இறங்கியதுமே காளிதாசன் மலாயில் பிடித்துக்கொண்டார்.

"இவனுக்குக் கடன் கொடுக்காதேம்மா! இத்துனூண்டு கடைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய கடன்? மக்கள் காசு! பாதியை முழுங்கிடுவான்."

"கடைக்கு மட்டும்னா சின்னத் தொட்டி போதும், அங்கிள். பின்னால இருக்கிற வீடுகளுக்கும் சேர்த்துப் பெரிசா வேணும்னு இவர்தான் கேட்டார். கடனை அடைக்கப்போறதும் இவர் ஒருத்தர்தான்."

"கடைக்கு நேர் பின்னால இருக்கிற வீடு எங்களோடது. எங்களுக்கு எதுக்குத் தொட்டி? எங்க தண்ணி ஆத்துக்கா போவுது?"

"புவான், விடுங்க" என்று அதிகாரியைப் பார்த்து ஜலீல் குறுக்கே வந்தார்.

அவர் ஏன் தடுக்கிறார் என்று இஸ்ஸதிக்குப் புரியவில்லை.

"எந்தக் குழாய் ஆத்துல கலக்குதுன்னு பார்க்கக் காலையில சாயம் ஊத்தினோமே, அங்கிள். கடைக்குப் பச்சை, அது பாலத்தைத் தாண்டிக் கீழ்ப்பக்கம்தான் வந்துச்சு. சிவப்பு, உங்க வீட்டுக் கக்கூஸ்ல ஊத்தினது. ஆன்ட்டிதான் கதவு திறந்துவிட்டாங்க."

கடைக்குள் சிரித்தவர்கள் தேத்தண்ணியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். காளிதாசன் மெல்லத் திரும்பினார்.

"இவருகிட்ட சொல்ல வேணாம்னு சொன்னேனே, புவான்" என்று முனகியபடி, ஜலீல் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.