ஒரு தரம் வந்தால் போதும்

"திரும்பி வார சத்தம் மட்டும் போதும் அண்ணாச்சி. மொதச் சத்தம் கேக்கவே கூடாது," என்றான் கிளாட்வின்.

இசைக்கருவிக் கடை லிங்கராஜ் மடியில் இருந்த கிட்டாரிலிருந்து தலையை நிமிர்த்தினார். கடை வைப்பதற்கு முன் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர் அவர். எதிரொலி எழுப்புகிற டிலே பெடல் கேட்டு வருகிறவர்களுக்கு வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். வாசித்தது எதிரொலித்து, எதிரொலித்து, மெல்ல அடங்க வேண்டும். வாசிக்கிற சத்தமே வேண்டாம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"உங்ககிட்ட என்னெல்லாம் இருக்கு தம்பி?"

"ஒரு எலக்ட்ரிக் கிட்டாரு, ஒரு சின்ன ஆம்ப். அம்புட்டுத்தான்."

"அப்பம் இதக் கேளுங்க."

பச்சைப் பெட்டி ஒன்றைக் காலால் அமுக்கிவிட்டு லிங்கராஜ் ஒரு தந்தியை மீட்டினார். சத்தம் கடையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் மங்கி, கடைசியில் கரைந்துபோனது. அவருக்கே கண் சொருகியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்கு ஆவாது," என்றாள் கிளாட்வினின் மனைவி விஜிலா.

"ஏன் தாயி?"

"மங்குதுல்லா. அச்சு மாறாம வரணும். அதுவும் ஒரே ஒரு தரம்."

கீழவைப்பாருக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர் அவர்களுடையது. கோயில் பாடகர் குழுவில் அவன் கிட்டார், அவள் குரல். திருவிழாத் திருப்பலிக்குக் கூட்டம் கோயிலுக்குள் கொள்ளாது என்று கடற்கரையில் மேடை போடுவார்கள். போன வருடம் பின்னால் இருந்த சனத்துக்குப் பாட்டில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லையாம்.

"இந்த வருசமும் அப்படின்னா பாடகர் குழுவே வேண்டாம், பென் டிரைவ்ல பாட்டப் போட்டுக்கிடலாம்னுட்டாரு ஃபாதரு," என்றான் கிளாட்வின். "கல்யாணத்துக்கு முந்தியே அந்தக் குழுவுல கெடக்கோம் அண்ணாச்சி, ரெண்டு பேரும்."

"அங்கன வச்சுத்தான் இந்த மனுசன் என் தலையில விழுந்தாரு," என்றாள் விஜிலா. "குழு இல்லன்னா ஞாயித்துக்கெழமை இவரை வீட்டுல வச்சு யாரு சமாளிக்க?"

லிங்கராஜ் சிரிக்கவில்லை. "ஏற்கெனவே வெளங்கலங்காங்க. அதுக்கு மேல எதிரொலியும் வச்சா எப்படித் தம்பி வெளங்கும்?"

"அதுக்குத்தான் பாத்து எடுக்கோம்."

லிங்கராஜ் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். எவ்வளவு தாமதம் என்பதை எண்ணில் காட்டுகிற பெடல். கிளாட்வின் அதைப் பார்த்ததும் குனிந்து உட்கார்ந்தான். 'ரிபீட்' திருகை அடி வரைக்கும் இறக்கினான். மொதச் சத்தத்தை மறைத்து எதிரொலியை மட்டும் விடுகிற 'மிக்ஸ்' திருகைக் கடைசி வரைக்கும் ஏற்றினான். தந்தியைச் சுண்டினான். ஆம்ப் சும்மா இருந்தது. ஒரு கண் சிமிட்டலுக்குப் பிறகு, சத்தம் ஒரே ஒரு தரம் துல்லியமாக வந்து நின்றது.

"இத வச்சு வாசிக்க முடியாது தம்பி," என்றார் லிங்கராஜ். "வெரலு முன்னால போவும், சத்தம் நொண்டிக்கிட்டுப் பின்னால வரும். தாளம் தப்பிரும்."

"தப்பாது அண்ணாச்சி."

"இதுல மைக்க மாட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாள் விஜிலா.

மாட்டிக் கொடுத்தார். அவள் அல்லேலூயாவில் ஒரு வரி பாடினாள். குரல் மாறாமல், கொஞ்சம் பிந்தி, அப்படியே வந்தது. புருசனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதான்," என்றாள்.

லிங்கராஜுக்குப் பொதிந்து கொடுக்கவே மனசில்லை. "பாட்டு கெட்டுப்போச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது. நான் சொல்லிட்டேன்."

"நீங்களே திருவிழாவுக்கு வந்து கேளுங்க. முன்னால உக்காராதிய, கடைசில போயி நில்லுங்க," என்றாள் விஜிலா.

திருவிழா மாலை லிங்கராஜ் போனார். தெரிந்தே தப்பான பொருளை விற்றுவிட்டோமோ என்ற உறுத்தல் அவருக்கு. மேடை தூரத்தில் கோயிலை ஒட்டி இருந்தது. கூட்டம் கரையேற்றிக் கிடந்த வள்ளங்கள் வரைக்கும் உட்கார்ந்திருந்தது. அவர் கடைசியில் போய் நின்றார். தலைக்கு மேலே ஒரு கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள்.

விஜிலா பாடத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. கூடவே கிட்டாரும், பேருக்குக்கூட எதிரொலி இல்லாமல். பெடலை மாட்டவே இல்லை போலிருக்கிறது என்று லிங்கராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அப்புறம்தான் கம்பத்தடியைப் பார்த்தார். கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல் அந்தக் குழாய்க்கான ஆம்ப்ளிஃபயர். அதில் வந்து சேருகிற வயரின் நடுவே, சிவப்பு விளக்கு எரிய, அவர் விற்ற பெடல்.

மைக்செட்காரர்கள் இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தார். பாட்டு கெடுவதற்குள் அணைத்துவிட்டால் புண்ணியம். குனிந்து அமுக்கினார். விளக்கு அணைந்தது.

விஜிலாவின் குரல் இரண்டாகப் பிளந்தது. தலைக்கு மேலே குழாய் ஒரு சொல்லை முடிக்கும்போது, மேடையிலிருந்து அதே சொல் மறுபடியும் வந்து அதன் மேல் ஏறியது. கிட்டாரும் இரண்டாகி முட்டிக்கொண்டது. எது பாட்டு, எது எதிரொலி என்று புரியவில்லை. கடைசி வரிசைகளில் தலைகள் திரும்பின.

பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் அவரை முறைத்தாள். "அத ஏன் அண்ணாச்சி அமத்துனிய? போன வருசம் பூரா இப்படித்தான், இந்தக் குழாய் முந்திக் கத்தும், மேடைச் சத்தம் அம்புட்டுத் தூரம் தாண்டிப் பிந்தி வந்து சேரும். குழாயையும் பிந்திப் பாட வைக்கத்தான கிளாட்வின் அண்ணன் அந்தப் பெட்டியவே வாங்கியாந்தாரு."

லிங்கராஜ் அவசரமாக மறுபடியும் அமுக்கினார். இரண்டு விஜிலாக்களும் ஒருத்தி ஆனார்கள்.