வசதியான வீடு

இது நான் நேரில் பார்த்ததில்லை. ஓசூரில் என்னோடு கம்பெனி பஸ்ஸில் வரும் பிரவீனா சொன்னது. அவள் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். அவளுடைய எதிர்வீட்டில் நடந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எதிர்வீட்டுக் கவிப்ரியா பி.இ. முடித்து ஓசூரில் தங்கி வேலை பார்த்தவள். என்னைப் போலவே வீட்டில் முதல் பட்டதாரி. வெளிநாட்டில் மேலே படிக்க வேண்டும் என்று ஆசை. ஓசூரில் இருக்கிற கன்சல்டன்சிகளில் கேட்ட தொகைக்கு வீட்டை விற்றாலும் பற்றாது.

அவளே இன்டர்நெட்டில் தேடினாள். இத்தாலியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் கட்டணமும் குறையும், உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தது. சீட்டும் கிடைத்துவிட்டது. பாக்கி வருமானச் சான்று ஒன்றுதான். உள்ளதை உள்ளபடி போட்டு விண்ணப்பித்தாள். விசாரிக்க வி.ஏ.ஓ. வீட்டுக்கே வருவார் என்று தகவல் வந்தது.

அங்கேதான் அவள் அம்மா மாதம்மாள் குழம்பிவிட்டாள். வெளிநாடு அனுப்ப இந்த வீட்டில் வசதி இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் வருகிறது என்று நினைத்துவிட்டாள். மகள் போனில் எவ்வளவோ சொன்னாள். அப்பா எல்லப்பனும் சொன்னார்.

"ஒண்ணுமில்லாத வூட்டுப் பொண்ண எவன் கூப்பிட்டுப் படிக்க வெப்பான்? நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றுவிட்டாள் மாதம்மாள்.

வி.ஏ.ஓ. வரும் நாளில் கவிப்ரியாவுக்கு ஓசூரில் ஷிஃப்ட். லீவு கிடைக்கவில்லை. வீட்டு வாசலில் மாதம்மாளின் அண்ணன் டிராக்டர் நின்றது. தங்கை வீட்டு ஃபிரிட்ஜ் நடுவீட்டில், பிளக் சொருகாமல் இருந்தது. கொட்டகையில் யாருடையதோ இரண்டு கறவை மாடு. புல்லு போடப் போன எல்லப்பனை ஒரு மாடு முட்ட வந்ததாம்.

வி.ஏ.ஓ. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"டிராக்டர் யாருதும்மா?"

"எங்களுதுதான் சார். இன்னொண்ணு எடுக்கலாமான்னு பேசிக்கிட்டு இருக்கறோம்."

"அப்புறம் எதுக்கு வருமானம் இவ்வளவு கம்மியா போட்டிருக்கீங்க?"

"பொண்ணு தெரியாம போட்டுடுச்சி சார். நீங்க பாத்து ஏத்திப் போட்டுக்கங்க."

எல்லப்பன் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அப்போது தெருவில் வந்து நின்றார் வெங்கடப்பன். எல்லப்பனுக்குப் பங்காளி, மூத்தவர். பொதுக் கிணற்றில் தண்ணீர் முறை தகராறு வந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது.

"சார், இதுல ஒண்ணுகூட இவங்களுது இல்ல" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "டிராக்டர் அந்தம்மாவோட அண்ணன்து. ஃபிரிட்ஜத் தொறந்து பாருங்க, உள்ள பழைய புடவைதான் இருக்கும். சொந்த மாட்ட எப்பவோ வித்துட்டாங்க. மாந்தோப்பு அடமானத்துல கெடக்குது. இவன் வியாபாரத்துக்குப் போறன்னு வேட்டி கட்டிக்கிட்டுப் போறானே, போயி சந்தையில மூட்ட தூக்கறான். தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னு நாலு ஊரு தள்ளிப் போயி தூக்கறான்."

கடைசியாகச் சொன்னது மாதம்மாளுக்கே அப்போதுதான் தெரியும்.

வி.ஏ.ஓ. எல்லப்பனைப் பார்த்தார். "உண்மைங்களா?"

எல்லப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

மாதம்மாள் தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள். ஊரும் அவள் பக்கம்தான் நின்றது. பொண்ணு நல்லா வரப்போகுதேங்கற பொறாமை, பங்காளி புத்தி எங்கே போகும் என்றெல்லாம் வெங்கடப்பன் காதுபடவே பேசினார்கள். அவர் தோப்புப் பக்கம் நடந்துவிட்டார்.

வேண்டாதவரே வந்து சொன்ன பிறகு வி.ஏ.ஓ.வுக்குச் சந்தேகம் இல்லை. இருந்த வருமானத்துக்கே சான்று வந்தது. உதவித்தொகையும் கிடைத்தது. கவிப்ரியா இப்போது இத்தாலியில் படிக்கிறாள். அதே மாதிரி போக முயற்சி செய்யும், முகம் பார்க்காத எனக்கும் பிரவீனா மூலமாக, எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே ஏமாறக் கூடாது என்று பொறுமையாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மாதம்மாள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாளாம். "கெட்டவன் வாயாலயே எம் பொண்ணுக்கு நல்லது பண்ணிட்டா எங்காத்தா" என்று எல்லோரிடமும் சொல்கிறாளாம். வெங்கடப்பன் எதிரே வந்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கேட்டதிலிருந்து எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டின மனைவிக்கே தெரியாத மூட்டை வேலை, பேச்சில்லாத பங்காளிக்கு எப்படித் தெரிந்தது?

பண்டிகைக்குப் பிரவீனா வீட்டுக்குப் போனபோது வெங்கடப்பனிடமே கேட்டேன். முதலில் பேச்சை மாற்றினார், பிறகுதான் சொன்னார். எல்லப்பனிடமும் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

வி.ஏ.ஓ. வருவதற்கு முந்தின நாள், எல்லப்பனே வெங்கடப்பன் தோப்புக்குப் போயிருக்கிறார். மூட்டை தூக்குவது வரை எல்லாவற்றையும் தன் வாயால் சொல்லிவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறார்:

"நான் சொன்னா அவ மனசு ஒடஞ்சிடும், அந்த ஆபீசரும் நம்பமாட்டாரு. நீ வேண்டாதவன், நம்புவாங்க. நாளைக்கு வந்து என் மானத்த வாங்கிடு, அண்ணா."