பொம்மையும் ஸ்டூலும்

அந்த ஜவுளிக்கடையில் நடந்த தப்பு இதுதான்: விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது என்று ஸ்டூலைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டார்கள்.

அங்கே சேலை கட்டி நின்ற பொம்மையிடம் ஸ்டூல் சொன்னது: "முன்னெல்லாம் கூட்டம் குறைஞ்சா பட்டுச்சேலை விக்கிற பொண்ணு என்மேல உட்கார்ந்து நிதானமா டீ குடிப்பா. அது ஒரு காலம். இப்போ கணுக்கால் வீங்கி நிக்கிறா."

"நானும்தான் பத்து வருஷமா நிக்கிறேன். புலம்புனேனா?"

"உனக்கு ஏதுடி ரத்தம்?"



மறுநாள் பட்டுச்சேலை விற்கிற அந்தப் பெண்ணே வந்து ஸ்டூலைத் தூக்கினாள். மேனேஜர் மறித்தார்.

"சேலை எடுக்க வர்றவங்களுக்கு நாற்காலி போடுறீங்களே சார். எனக்கும் அதே மாதிரி முட்டிதான்."

மற்ற பெண்களும் வந்து அவள் பின்னால் நின்றார்கள். மேனேஜர் வழிவிட்டார்.

இன்று எல்லாப் பிரிவிலும் ஸ்டூல் இருக்கிறது. முதலில் தூக்கி வந்தவள் பெயர் ரோசம்மாள்.