நாலு மாதமாகக் கவிழாத வண்டி

கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் வெல்டன், தன் மேலாளர் இங்க்ரிட்டின் மேசைமேல் ஒரு வயர்த் துண்டை எறிந்தான்.

"என் ஃபோர்க்லிஃப்ட் வளைவுல கவுந்துடக் கூடாதுன்னு ஒரு கருவி மாட்டினீங்களே, அதோட வயர். அக்டோபர்லயே வெட்டிட்டேன். நாலு மாசமா வண்டி கொஞ்சமாவது சாஞ்சுதா? அந்தப் பொம்மையெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. எல்லா வண்டியிலயும் கழட்டிடுங்க."

இங்க்ரிட் யோசித்தாள். அந்தக் கிடங்கில் அவனைப்போல் வேகமாக ஓட்டுபவர் யாருமில்லை. ஆனாலும் அவன் ஒருமுறைகூடக் கவிழவில்லை. கருவிகளைக் கழற்றும் உத்தரவை எழுதத் தொடங்கினாள்.

வெல்டன், வாசலில் நின்ற மெக்கானிக் லோர்னாவைப் பார்த்து உதட்டைச் சுழித்தான்.

"நீ என்னத்தைக் கிழிக்கிறே? சீட் ஹீட்டர் வேலை செய்யாம, இந்த மினசோட்டா குளிர்ல உறைஞ்சு உட்கார்ந்திருக்கேன். வாங்குறதெல்லாம் மட்டமான சரக்கு!"

லோர்னா போய் அவன் வண்டியைத் திறந்து பார்த்தாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, மேசைமேல் கிடந்த வயரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இந்தா, உன் சீட் ஹீட்டர் வயர். இதைத்தான் வெட்டியிருக்கே. அந்தப் பொம்மைக்கு ஒண்ணும் ஆகல. அதோட பதிவுப்படி நேத்து மட்டும் பதினோரு தடவை உன்னைக் கவுந்துடாமப் பிடிச்சிருக்கு."