இந்தமுறை சிக்காது

“அம்மா, அந்த ஆறு விரல் மாமாவின்ரை பிஸ்டல் ஏன் வெடிக்கேல்லை?” என்று ஏழு வயதில் குமுதினி கேட்டாள். அந்தப் பிஸ்டலுக்குத் தப்பிய அவளுடைய வாத்தியார் அப்பா அன்றோடு பேச்சிழந்தார்.

இன்று அவள் லண்டனில் சினிமாத் துப்பாக்கிகளைப் பராமரிப்பவள். ஒரு பிஸ்டலில் தோட்டா குழலுக்குள் ஏறும் சிறு சரிவை முப்பத்தைந்து வருடக் கோபத்தோடு மினுக்கிக்கொண்டிருந்தாள். வழுவழுப்பாக இருந்தால் தோட்டா சிக்காது. காட்சியில் அதனால் சுடப்படப்போகும் துணை நடிகர் விஜயரத்தினத்துக்கு இடக்கையில் ஆறு விரல்கள். அவளுடைய பையில் ஓர் உண்மையான தோட்டா இருந்தது.

அவரே வந்து எட்டிப் பார்த்தார். “நல்லா மினுக்கிறாய், பிள்ளை.”

“இந்தமுறை சிக்காது, ஐயா.”

“சிக்கிறதும் சிலவேளை நல்லதுதான். ஊரிலை, இயக்கத்திலை இருக்கேக்கை ஒரு வாத்தியாரைச் சுடச் சொன்னாங்கள். மாட்டனெண்டா என்னைச் சுடுவாங்கள். முதல்நாளே அந்தச் சரிவை அரத்தாலை கீறி வைச்சன். ரெண்டுதரம் சிக்கிச்சுது. கடவுள் விட்டிட்டாரெண்டு பொறுப்பாளர் மனுசனை வீட்டை அனுப்பிப்போட்டார்.”

“வாத்தியாருக்குச் சொன்னனீங்களோ?”

“என்னத்துக்குச் சொல்லுவான்? உயிரோடை இருந்தாச் சரி.”

அவர் போனதும், பொலிஸில் ஒப்படைப்பதற்காக அந்தத் தோட்டாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள் குமுதினி. பிறகு தனியே அமர்ந்து, சத்தம் மட்டும் எழுப்பும் வெற்றுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக இருமுறை பார்த்துப் பிஸ்டலில் ஏற்றினாள்.