ஒருவர் மட்டும்

எட்வின் வீட்டு விளக்குகள் தானாக எரியவும் அணையவும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டுகளை ஒரு சின்ன ஃபைலில் மூன்று பிரிவாக அடுக்கியிருந்தான்: இருவரும் வீட்டில், யாரும் இல்லை, ஒருவர் மட்டும். அவன் இறந்த பிறகு அவன் மனைவி ஜெசிந்தா ஓட்டிப் பார்த்தபோது முதல் இரண்டும் சரி என்று பச்சையாக வந்தன. மூன்றாவதில் இருந்த ஒரே டெஸ்ட் சிவப்பு. வீட்டில் ஒருவர் மட்டும் இருந்தால் இருட்டியதும் வாசல் விளக்கு எரிய வேண்டும் என்றது அது. விளக்கு எரியவில்லை.

"அழிச்சிடுங்க அண்ணி, எல்லாம் பச்சையாயிடும்" என்றான் எட்வினோடு வேலை பார்த்த பரணி.

"தப்பு எதுல? டெஸ்ட்லயா, புரோகிராம்லயா?"

"தப்பே இல்ல. அண்ணன் டெஸ்டத்தான் மொதல்ல எழுதுவாரு, அதுக்கான புரோகிராம் கோடு அப்புறம்தான். சோறு வடிக்கிறதுக்கு முன்னாடியே எலை போட்டு உக்கார்ற ஆளுன்னு ஆபீஸ்ல ஓட்டுவோம். இதயும் எழுதி வச்சிட்டு, கோடு எழுதறதுக்குள்ள..."

அந்த ஒருவர் யார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எட்வின் தாமதமாக வரும் நாட்களில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கதவைத் தாழிடாமல் காத்திருந்த ஜெசிந்தாவா? இல்லை, ஆஸ்பத்திரிக்கு அலையத் தொடங்கிய பிறகு, தான் இல்லாத வீட்டில் அவன் நினைத்துப் பார்த்த ஜெசிந்தாவா?

"அழிக்க வேணாம் பரணி. அந்தக் கோட எழுதிக் குடுத்துட்டுப் போ."

அவன் எழுதினான். டெஸ்ட் பச்சையானது. அவன் போன பின் இருட்டியது, வாசல் விளக்கு தானாக எரிந்தது. வழக்கம்போலக் கதவைத் தாழிடப் போனவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். வாசலில் விளக்கு எரியும்போது தாழிடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.